ஹெர் ஸ்டோரி: தேடலில் ஐந்து காணொளிகளுக்கு மேல் திறப்பதில்லை, என்ன செய்வது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். சாம் பார்லோ உருவாக்கி 2015-இல் வெளிவந்த 'ஹெர் ஸ்டோரி' விளையாட்டைக் கணினியில் ஆடிக்கொண்டிருக்கிறேன். காவல்துறையின் பழைய கணினித் திரை, அதில் ஒரு தரவுத்தளம், 1994-இல் ஒரு பெண்ணிடம் நடந்த ஏழு விசாரணைகளின் துண்டுக் காணொளிகள். ஆட்டம் இவ்வளவுதான் என்றாலும், குழல்விளக்கின் பிம்பம் திரையில் மினுங்கும் அந்த இடத்தை விட்டு எழவே மனம் வருவதில்லை. அந்தப் பெண்ணின் கணவர் பெயரான 'சைமன்' என்று தேடினால் ஏராளமான பதிவுகள் இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் முதல் ஐந்தை மட்டுமே பார்க்க விடுகிறது. மற்றவற்றைப் பார்க்க அமைப்புகளில் ஏதேனும் மாற்ற வேண்டுமா? முடிவைச் சொல்லிவிடாமல் உதவுங்கள்.

மறுமொழி 1

இது பழுதன்று, ஆட்டத்தின் உயிரே அந்த ஐந்துதான். பதிவுகள் தேதி வரிசையில் வருவதால், பொதுவான சொல்லைத் தேடும்போதெல்லாம் தொடக்க விசாரணைகளே முன்னால் வந்து நிற்கும். அந்தப் பெண் பின்னாளில் சொன்னவை அடியில் தங்கிவிடும். 'சைமன்' என்பதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள், பட்டியல் சுருங்கும். விசாரணை அதிகாரியின் குரல் எங்குமே கேட்காது, பதில்கள் மட்டுமே உண்டு என்பதால், ஒவ்வொரு துண்டையும் பார்த்து முடித்தவுடன் இந்தப் பதிலுக்கு என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்து, அடுத்து எழுந்திருக்கக்கூடிய கேள்வியிலிருந்து ஒரு பெயரையோ பொருளையோ எடுத்துத் தேடுவதே என் வழக்கம். விசாரணைக்கு விசாரணை அந்தப் பெண்ணுடைய உடை மாறுவதையும் கவனியுங்கள். எந்த நாளின் பதிவு என்பது பார்த்தவுடனே பிடிபடும்.

மறுமொழி 2

நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பெண் வாயால் சொன்ன சொற்களில்தான் தேடல் நடக்கிறது. பேச்சு பிரிட்டிஷ் ஆங்கிலம். ஆகவே வசனவரியை இயக்கிவைத்து, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே தட்டச்சு செய்யுங்கள். தாயைப் பற்றித் தேட வேண்டுமானால் அமெரிக்க வழக்கில் 'மாம்' என்று இட்டால் பயனில்லை, 'மம்' என்றே இட வேண்டும். முக்கியமாகத் தோன்றும் துண்டுக்கு நீங்களே ஒரு குறிச்சொல் கொடுத்துவிட்டால், பிறகு அதை வைத்தே தேடி எடுக்கலாம். திரையில் உள்ள குப்பைத்தொட்டியையும் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு சிறு பலகை விளையாட்டு இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேடியதில், இதுவரை கண்ணில் படாத ஒரு விசாரணை அகப்பட்டது; முன்பு அவர் உறுதியாகச் சொன்ன ஒரு செய்தி அதில் அப்படியே புரள்கிறது. மொத்தப் பதிவுகளையும் பார்த்தால்தான் ஆட்டம் முடியுமா?

மறுமொழி 1

வேண்டியதில்லை. மொத்தம் 271 துண்டுகள் இருக்கின்றன. முக்கியமானவற்றைப் போதிய அளவு பார்த்துவிட்டால் திரையில் ஓர் உரையாடல் பெட்டி தோன்றி, உங்களுக்குப் போதுமா என்று கேட்கும். மனநிறைவு வரவில்லையென்றால் தொடர்ந்து தேடலாம்; அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடாதீர்கள்.