ஆச்சி வீட்டுக் குழுவில் தீவனக் கிழங்கு

ஞாயிறு, புரட்டாசி கடைசி வாரம்

செல்வி மதினி: வைக்கோல் படப்பு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. நாலு மாட்டுக்குத் தை வரைக்கும் வராது. சேரன்மகாதேவி வைக்கோல்காரர் பிசான நெல் அறுத்தால்தான் வண்டி அனுப்ப முடியும் என்கிறார். எல்லாரும் பார்த்து ஒரு வழி சொல்லுங்க.

செல்வி மதினி: [படம்]

மும்பை அத்தை: காலை வணக்கம். அண்ணன் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

கண்ணன் அண்ணன்: அத்தை, வைக்கோல் பேச்சு ஓடுது

மும்பை அத்தை: வைக்கோல் பேசினால் அண்ணனைக் கேட்கக் கூடாதா

பெரியப்பா: வற்றிவிட்டது தாயி

ராசா (ஜோத்பூர்): மதினி, இதையேதான் போன மாதம் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். இங்கே ஜோத்பூரில் காஜ்ரி என்று மத்திய அரசின் வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் தீவனப் பீட்ரூட்டை ராஜஸ்தான் விவசாயிகளுக்குச் சிபாரிசு செய்கிறார்கள். நாம் பொரியல் வைக்கிற பீட்ரூட்டின் இனம்தான், ஆள்தான் பெரிது. கிழங்கு பாதி மண்ணுக்கு மேலேயே நிற்கும். ஒரு கிலோ, இரண்டு கிலோ சாதாரணமாக வரும். முக்கியமான விஷயம், உப்புத் தண்ணீரைத் தாங்கும். நம் கீழவிளை நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் பட்டு வாழை எப்படி ஓரம் கருகிப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணீருக்கு இது ஆகும். ஏனென்றால் இதன் மூலச் செடி ஐரோப்பாவில் கடற்கரையோரம் தானாக முளைத்துக் கிடக்கிற காட்டுச் செடி.

மலர்: முளைக்கிற நேரத்தில் தாங்காது அண்ணே

ராசா (ஜோத்பூர்): அதைத்தான் சொல்ல வந்தேன் மலரு. வளர்ந்த செடி உப்பைத் தாங்கும், முளைவிடும் விதை தாங்காது. அதனால்தான் ஐப்பசியில் போடச் சொல்கிறேன். மழைத் தண்ணீரில் முளைத்து வேர் பிடித்துவிடும். மழை நின்று தை, மாசியில்தான் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிவரும், அதற்குள் செடி தேறிவிடும். நம் ஊர் மழைக்கும் இந்தப் பயிருக்கும் அப்படி ஒரு பொருத்தம். இங்கேயும் அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் பாதிக்குள்தான் விதைக்கிறார்கள். ஆனால் பாத்தியில் போடக் கூடாது. பார் பிடித்து மேட்டில்தான் ஊன்றணும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

பெரியப்பா: கீழவிளையில் தண்ணீர் நிற்காது. மணல்.

கண்ணன் அண்ணன்: கிணற்றை ஒட்டி மேற்குப் பக்கம் நிற்கும் அப்பா

பாளை சித்தப்பா: நல்ல யோசனை. பெர்லினில் மார்கிராஃப் என்ற வேதியியலாளர் 1747-லேயே இந்தக் கிழங்கு வகையில் கரும்பில் இருக்கும் அதே சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அவருடைய மாணவர் ஆகார்ட் 1801-ல் முதல் கிழங்குச் சர்க்கரை ஆலையைத் தொடங்கினார். அப்புறம் இங்கிலாந்தோடு சண்டை வந்து கரும்புச் சர்க்கரை கப்பல் வராமல் போனபோது நெப்போலியன் பிரான்ஸ் முழுக்கக் கிழங்கைப் பயிரிடச் சொன்னான். மாட்டுக்குப் போட்ட கிழங்கிலிருந்து பொறுக்கியெடுத்துத்தான் சர்க்கரைக் கிழங்கையே உருவாக்கினார்கள்.

கண்ணன் அண்ணன்: சித்தப்பா வகுப்பு எடுக்க ஆரம்பிச்சாச்சு

மும்பை அத்தை: சர்க்கரை என்றதும் ஞாபகம் வந்தது. கருப்பட்டி வந்துவிட்டதா? உடன்குடிக் கருப்பட்டிதான் வேண்டும். போன தடவை வந்தது சீனி கலந்தது.

செல்வி மதினி: இந்தத் தடவை நானே பார்த்து வாங்குகிறேன்

செல்வி மதினி: ராசா தம்பி, இது எப்போ கைக்கு வரும்?

ராசா (ஜோத்பூர்): விதைத்து நாலு, நாலரை மாதம். ஐப்பசியில் போட்டால் மாசி, பங்குனி.

செல்வி மதினி: எனக்குத் தையிலேயே இல்லையே

மலர்: மதினி சொல்வது சரி. கிழங்கு வைக்கோலுக்குப் பதில் ஆகாது. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். பத்து கிலோ போட்டால் ஒன்றரை கிலோதான் காய்ந்த சத்து. அதுவும் சர்க்கரைச் சத்து. அசை போட நார் வேண்டும், வைக்கோல் வேண்டும். கிழங்கு போட்டால் தவிட்டைக் குறைக்கலாம், அவ்வளவுதான். புரதமும் குறைவு. அகத்தி, வேலிமசால், கடலைக்கொடி ஏதாவது கூடவே போடணும்.

மலர்: வகுப்பு இருக்கு, அப்புறம் வாரேன்

கண்ணன் அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை என்ன வகுப்பு

மலர்: ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு வந்து பாருங்க தெரியும். இன்று கொட்டகை முறை.

ராசா (ஜோத்பூர்): மலர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கோடைக்குப் பச்சை என்று நம்மிடம் ஒன்றுமே இல்லை, அதைத்தான் நான் யோசிக்கிறேன். கம்பு நேப்பியர் புல் போட்டால் அந்தத் தண்ணீரில் மஞ்சளாகிப் போகும், போன வருஷம் பார்த்தோம். கணக்கைப் பாருங்க. பாருக்குப் பார் 50 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20. ஒரு ஏக்கருக்கு நாற்பதாயிரம் செடி நிற்கும். நமக்கு 10 சென்ட் போதும், நாலாயிரம் செடி. கிழங்கு ஒன்று ஒரு கிலோ தேறினாலே நாலு டன். கறவை இரண்டுக்கும் பத்து பத்து கிலோ, சினைக்கும் கிடேரிக்கும் ஐந்து ஐந்து. நாளைக்கு 30 கிலோ. மாசி கடைசியில் ஆரம்பித்தால் ஆனி வரைக்கும் ஓடும். விதை 100 கிராம்தான். எல்லாக் கிழங்கையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டியதும் இல்லை. மண்ணிலேயே விட்டு அன்றன்றைக்குத் தேவையானதைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

செல்வி மதினி: 30 கிலோ கிழங்கை மண் போகக் கழுவி நறுக்குவது யார்?

செல்வி மதினி: நறுக்காமல் போட்டால் தொண்டையில் அடைக்காதா?

ராசா (ஜோத்பூர்): அடைக்கும் மதினி. சின்னத் துண்டாக நறுக்கித்தான் போடணும்.

செல்வி மதினி: ம்

ராசா (ஜோத்பூர்): இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விதை பார்க்க ஒன்றாக இருக்கும், உண்மையில் அது இரண்டு மூன்று விதை ஒட்டிய கட்டி. ஒரே குழியில் இரண்டு மூன்று முளை வரும். மூன்று வாரத்தில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைக் களைந்துவிடணும். விட்டால் எல்லாம் விரல் மொத்தத்தில் நின்றுவிடும்.

செல்வி மதினி: அதுவும் நான்தானே

கண்ணன் அண்ணன்: ஆள் விடலாம்

செல்வி மதினி: ஆள் கூலிக்கு வைக்கோலே வாங்கிவிடலாம்

பெரியப்பா: செல்வி சொல்வதில் ஞாயம் இருக்கு

பாளை சித்தப்பா: 10 சென்ட் என்பது எந்த 10 சென்ட்?

கண்ணன் அண்ணன்: கிணற்றுக்குக் கிழக்கே சித்தப்பா, பழைய முருங்கை நின்ற இடம்

பாளை சித்தப்பா: அது என் பங்கில் வருகிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அளந்து கல் போடச் சொல்லி எத்தனை தடவை கேட்டாகிவிட்டது. பயிர் நின்றால் சர்வேயர் வந்து அளக்க மாட்டார்.

பெரியப்பா: நாலு மாசப் பயிர்தானடா

பாளை சித்தப்பா: அண்ணாச்சி, வாழையும் அப்படித்தான் போட்டது

மும்பை அத்தை: ஆச்சி இருந்தால் இந்தப் பேச்சு வருமா

மும்பை அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராசா (ஜோத்பூர்): சித்தப்பா, உங்கள் பங்கில் வேண்டாம். மேற்குப் பக்கமே போடலாம். ஒரு வாய்க்கால் கீறி மழைத் தண்ணீரை ஓடைக்கு விட்டால் போதும்.

பாளை சித்தப்பா: நான் அப்படிச் சொல்லவில்லை ராசா

மலர்: இப்போதான் போனைப் பார்த்தேன். ஒன்று மட்டும் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க. இனிப்பான கிழங்கு. மாடு கண்டபடி தின்னும். முதல் நாளே கூடையோடு வைத்தால் வயிற்றில் புளித்து அமிலமாகி மாடு படுத்துவிடும். ஒரு கிலோவில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். வைக்கோல் தின்ற பிறகுதான் கிழங்கு. அசை போடாமல் நின்றாலோ சாணி தண்ணீராகப் புளிச்ச வாடையோடு போனாலோ உடனே நிறுத்திவிட்டு 1962-க்குப் போன் பண்ணுங்க, வண்டியோடு டாக்டர் வருவார்.

பெரியப்பா: கருப்பிக்கு வந்தது போலயா?

மலர்: அதேதான் அப்பா. சோறானாலும் கிழங்கானாலும் வயிற்றுக்குள் நடப்பது ஒன்றுதான்.

கண்ணன் அண்ணன்: கோயில் கொடையன்று பொங்கல் பானையில் வாய் வைத்ததே. விடியுமுன்னே போச்சு. தொழுக் கதவைத் திறந்து போட்டது யாரென்று எல்லாருக்கும் தெரியும்

மும்பை அத்தை: என் பிள்ளை அப்போது ஆறாம் வகுப்பு. இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதையே சொல்வீங்க?

கண்ணன் அண்ணன்: நான் பேர் சொல்லலையே அத்தை

பெரியப்பா: விடுங்கப்பா. கருப்பி நல்ல மாடு. அவ்வளவுதான்.

மலர்: இலையையும் வெட்டினதும் பச்சையாக அள்ளிப் போட வேண்டாம். ஒரு நாள் வாட விட்டு வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்க. அதில் ஒருவித அமிலம் இருக்கு, சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். சினை மாட்டுக்கு இலையே வேண்டாம். அப்புறம் சுடலைக்கு நேர்ந்த கிடாய்க்குக் கிழங்கு கொடுக்காதீங்க. கிடாய்க்கு மூத்திரப் பையில் கல் சேரும், அடைத்தால் பிழைக்காது.

பாளை சித்தப்பா: கிடாயை யாரும் தொட வேண்டாம்

செல்வி மதினி: மலரு, இந்தக் கிழங்கு போட்டால் பால் கூடுமா, உண்மையைச் சொல்லு

மலர்: இப்போ தவிடு என்ன போடுறீங்க மதினி?

செல்வி மதினி: கறவைக்கு நேரத்துக்கு ஒன்றரைப் படி. புண்ணாக்கு விலை ஏறியதிலிருந்து பாதியாகக் குறைத்துவிட்டேன். பால் சொசைட்டியில் கொழுப்புக் குறைகிறது என்கிறார்கள்.

மலர்: அப்படியென்றால் மாட்டுக்குச் சத்தே பற்றவில்லை. கிழங்கும் அகத்தியும் சேர்த்துப் போட்டால் வித்தியாசம் தெரியும். புண்ணாக்கை ஒரேயடியாக நிறுத்தாதீங்க.

செல்வி மதினி: அகத்தி வரப்பில் இருக்கு

செல்வி மதினி: சரி. 10 சென்ட் வேண்டாம். இந்த வருஷம் 3 சென்ட் போடுங்க. 1200 செடி. அந்த அளவுக்குத்தான் என்னால் களையெடுத்து நறுக்க முடியும். கறவைக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறேன். மாடு தின்று, பால் குறையாமல் நின்றால் அடுத்த வருஷம் கூட்டலாம்.

ராசா (ஜோத்பூர்): மதினி 3 சென்ட் ரொம்பக் குறைவு. 5 சென்டாவது

செல்வி மதினி: நீங்க வந்து நறுக்குவதாக இருந்தால் 5

பெரியப்பா: 3 போதும்

ராசா (ஜோத்பூர்): தீபாவளிக்கு வரும்போது விதை கொண்டுவருகிறேன். அதற்குள் தொழு எருவை அள்ளிப் போட்டு உழுது வையுங்க. மண் பொலபொலவென்று இருந்தால்தான் கிழங்கு இறங்கும். கல் இருந்தால் கவட்டைக் கவட்டையாகப் பிரிந்துவிடும்.

பாளை சித்தப்பா: தீபாவளிக்கு எல்லாரும் வருகிறோம் அல்லவா, அன்றைக்கே அளக்கிற விஷயத்தையும் பேசிவிடலாம்

பெரியப்பா: பேசலாம்

மும்பை அத்தை: எனக்கு இன்னும் டிக்கெட் உறுதியாகவில்லை

செல்வி மதினி: கிழங்கு மாசிக்கு. தை வைக்கோலுக்கு யார் என்ன சொல்கிறீங்க? நாங்குநேரிப் பக்கம் ஒருத்தர் பழைய வைக்கோல் வைத்திருக்கிறார், வண்டிக் கூலியோடு கூடத்தான் சொல்கிறார். நாளைக்குள் பதில் சொல்லணும்.

பாளை சித்தப்பா: பாதி நான் தருகிறேன்

பெரியப்பா: மீதிக்குப் பால் பணம் வரட்டும்

செல்வி மதினி: பால் பணம் பத்தாம் தேதிதான் மாமா

கண்ணன் அண்ணன்: மேற்குப் பக்கம் உழ டிராக்டருக்குச் சொல்லவா, இல்லை தீபாவளி கழியட்டுமா?

மும்பை அத்தை: கண்ணா, கருப்பட்டி 5 கிலோ போதும்