3,000 ரூபாய்க்குள் ஸ்லோ குக்கர்: வாங்கலாமா, வேண்டாமா?

வாடகைவீடு
வீட்டில் ஐந்து பேர். காலை 8 மணிக்குப் பூட்டினால் மாலை 6 மணிக்குத்தான் திறப்போம். கொண்டைக்கடலை, மொச்சை, எலும்பு சூப் மாதிரி நேரம் இழுக்கிற ஐட்டங்கள் நாங்க வரும்போது வெந்து தயாரா இருக்கணும். கேஸும் மிச்சமாகணும். கரண்டில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்கா வேகவைக்கிற ஸ்லோ குக்கர் ஒன்று பார்க்கிறோம். பட்ஜெட் 3,000, மேலே ஒரு ஐந்நூறு போகலாம். 3.5 லிட்டர் போதுமா? திருகும் குமிழ் வைத்ததா, டிஜிட்டலா? அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் ஒன்று வாங்கி வரேன் என்கிறார். சரி சொல்லலாமா?

பிரஷர்பாண்டி
கேஸ் மிச்சம் என்பதை முதல்ல மறந்துடுங்க. 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் கிலோ 63 ரூபாய். ராத்திரி ஊறின கால் கிலோ கடலைக்கு 5 லிட்டர் குக்கரில் விசில் வரும்வரை பெரிய தீயில் 8 நிமிடம், அப்புறம் சிம்மில் 15 நிமிடம். தாராளமா 40 கிராம் கேஸ் போட்டாலும் இரண்டரை ரூபாய். அதே கடலை ஸ்லோ குக்கரில் லோவில், அதாவது குறைந்த சூட்டில், 8 மணி நேரம் கிடந்தால் ஒரு யூனிட்டுக்குக் குறையாது. காரணம் சிம்பிள். குக்கருக்குள் வெளியைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரிக்குப் போகுது. ஸ்லோ குக்கர் 95-ஐத் தொடவே மணிக்கணக்காகும், அவ்வளவு நேரமும் பக்கச்சுவர் வழியா சூடு வெளியே போய்க்கிட்டே இருக்கும். உங்க பட்ஜெட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரையோட நல்ல பிரஷர் குக்கரே வாங்கிடலாம்.

மண்சட்டி
கணக்கு சரி பாண்டி அண்ணே. ஆனா வீடு பூட்டியிருக்கே, விசிலை யார் எண்ணுவாங்க? கேஸைப் பற்றவைத்துவிட்டு வெளியே போகச் சொல்றீங்களா?

பிரஷர்பாண்டி
எதுக்குப் பற்றவைக்கணும்? ராத்திரி ஊறவைங்க, காலையில் தண்ணியை வடித்து ஃபிரிட்ஜில் வைங்க. 6 மணிக்கு வந்ததும் குக்கரில் போட்டால் ஏழுக்குள்ள குழம்பு. ஆட்டுக்கால் பாயாவே விசிலுக்கு அப்புறம் சிம்மில் ஒரு மணி நேரத்தில் கழன்று வந்துடும். அதுக்காக மேடையில் இன்னொரு பாத்திரம் தேவையா?

மண்சட்டி
6 மணிக்குக் களைத்து வந்து அடுப்படியில் நிற்கக் கூடாதுன்னுதானே இந்தக் கேள்வியே. வாரம் இரண்டு தடவை போட்டால் இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட் சொச்சம். இலவச யூனிட்டுக்குள்ளேயே அடங்குற வீடுன்னா அது கணக்கிலேயே வராது.

வாடகைவீடு, 3.5 லிட்டர் என்றால் உள்ளே போவது இரண்டேகால், இரண்டரை லிட்டர்தான். பாதிக்குக் குறையக் கூடாது, முக்கால் தாண்டக் கூடாது. சுற்றுச்சுவரில்தான் ஹீட்டர் கம்பி ஓடுது. கொஞ்சமா போட்டால் ஓரம் பிடிக்கும், தளும்பப் போட்டால் நடுவில் சூடு ஏற மூணு மணி நேரம். ஐந்து பேருக்கு ஒருவேளைக் குழம்புக்கு 3.5 சரியா இருக்கும். மறுநாளைக்கும் எடுத்து வைக்கணும்னா 4.5 பாருங்க. 6 லிட்டர் வேண்டாம், பாதிகூட நிறையாது. உள்பாத்திரம் தனியா கழன்று வரணும். ஒட்டியே இருக்கிற மாடல் விலை குறைவுன்னு எடுத்தால் கழுவும்போது ஒயரோட மல்லுக்கட்டணும்.

யூனிட்கணக்கு
மண்சட்டி சொல்லும் இருபது யூனிட்டுக்கு ஒரு பின்குறிப்பு. ஏற்கெனவே 490-ல் நிற்கிற வீடு 500-ஐத் தாண்டினால் கட்டண ஸ்லாபே மாறிடும். அந்த இருபதுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் சேர்த்து பில் எகிறும். ஏசி ஓடுகிற கோடையில் இதைக் கவனிங்க.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம், நீங்களே அளக்கலாம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் அணைச்சுட்டு குக்கரை மட்டும் ஹையில் போடுங்க. மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு அச்சடிச்சிருக்கும், 3200 என்று பல மீட்டரில் இருக்கும். 200 வாட் குக்கர்னா நிமிடத்துக்குப் பத்து, பதினொண்ணு. இருபது சிமிட்டினால் அது 200 வாட் இல்லை.

சூடாறாப்பெட்டி
இரண்டு பேரும் கரண்ட், கேஸ்னு அடிச்சுக்கிறீங்க. தெர்மல் ரைஸ் குக்கரை ஏன் யாரும் சொல்லலை? கேரளாவில் மட்டை அரிசிக்கு வீட்டுக்கு வீடு இதான். உள்பாத்திரத்தில் கடலையைக் கொதிக்கவிட்டு 15 நிமிடம் அடுப்பில், அப்புறம் சூட்டை வெளியே விடாத பெட்டிக்குள் இறக்கி மூடிடணும். கரண்ட் சுத்தமா வேண்டாம். 3,000-க்குள்ளேயே முடிஞ்சுடும்.

மண்சட்டி
அரிசிக்கு அது தங்கம், மறுக்கலை. ஆனா 8 மணிக்கு மூடினதை 6 மணிக்குத் திறக்கிறாங்க, பத்து மணி நேரம். அதில் சூடு ஏறாது, இறங்க மட்டும்தான் செய்யும். 60 டிகிரிக்குக் கீழே வந்துட்டா கிருமிக்குக் கொண்டாட்டம். அதுவும் எலும்பு சூப்பில்!

சூடாறாப்பெட்டி
கறிக்கு நான் சொல்லலை. கடலை, பயறுக்கு மட்டும். பாத்திரம் முக்கால் நிறைஞ்சிருந்தால் சூடு நின்னு பிடிக்கும். காலியிடம் இருந்தால்தான் சீக்கிரம் இறங்கும். வந்ததும் ஒரு கொதி விட்டுத் தாளிச்சுக்கலாம்.

பிரஷர்பாண்டி
கொதி விடணும்னா மறுபடி அடுப்புதானே.

மண்சட்டி ஒண்ணை விட்டுட்டார். ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் நேரடியா போடவே கூடாது. அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சு முழுக் கொதியில்தான் அழியும். 80 டிகிரியில் மணிக்கணக்கா வெந்தால் பயறு மெத்துன்னு இருக்கும், நச்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாந்தி எடுக்கும். பிரஷர் குக்கரில் இந்தப் பேச்சே கிடையாது.

மண்சட்டி
இதில் அண்ணன் நூற்றுக்கு நூறு சரி. ராஜ்மாவை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணியைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் 10 நிமிடம் தளதளன்னு கொதிச்ச பிறகே உள்ளே போகணும். 30 நிமிடம் விட்டால் இன்னும் நல்லது. கொண்டைக்கடலைக்கு இந்தப் பயம் இல்லை.

கடலைக்கு அளவு: ஒரு கப் ஊறினதுக்கு இரண்டு கப் தண்ணீர், வென்னீராவே ஊற்றுங்க. லோவில் 7-8 மணி நேரம். பத்து மணி நேரம் கிடந்தாலும் உருவம் குலையாது. ஆவி மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே விழுறதால் குழம்புக்கு வழக்கமான தண்ணீரில் மூணில் ஒரு பங்கு குறைங்க. புளி, தக்காளி கடைசியில். முதல்லயே போட்டால் புளிப்புக்குப் பயறு இறுகிடும், ராத்திரிவரை வெந்தாலும் கடிக்கும். போர்வெல் தண்ணியும் அப்படித்தான். உப்புத் தண்ணி ஊர்னா சமையலுக்குக் கேன் தண்ணி வைங்க, இல்லைன்னா ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை ஆப்பசோடா. வெங்காயம், இஞ்சி பூண்டு விழுதை வதக்கித்தான் போடணும். பச்சையா போட்டால் எட்டு மணி நேரத்துக்கு அப்புறமும் பச்சை வாடை அடிக்கும்.

எலும்பை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே போடாதீங்க. முந்தின ராத்திரியே கீழ்த்தட்டில் இறக்கி வைங்க. எலும்பில்லாத கோழி வேண்டாம், பத்து மணி நேரத்தில் நார் நாரா ஆயிடும். சாதம் வைக்கவே வைக்காதீங்க, பசைதான் கிடைக்கும்.

வாடகைவீடு
குமிழா டிஜிட்டலான்னு யாரும் சொல்லலையே? எங்க ஏரியாவில் கரண்ட் அடிக்கடி போகும்.

யூனிட்கணக்கு
உங்களுக்குக் குமிழ்தான். டிஜிட்டல் மாடலில் கரண்ட் போய் வந்தால் பெரும்பாலும் ஆஃப் ஆகி நிற்கும். 9 மணிக்குப் பத்து நிமிடம் போனால்கூட 6 மணிக்கு ஆறின பச்சைக் கடலைதான் இருக்கும். குமிழ் மாடல் கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடரும். விலையும் குறைவு.

பிரஷர்பாண்டி
அதான் ஆபத்து. மூணு மணி நேரம் போய் வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வெளியே பார்க்கக் கொதிச்சுக்கிட்டிருக்கும்.

யூனிட்கணக்கு
ஒத்துக்கிறேன். அதுக்குத்தான் பேட்டரி இல்லாத பிளக் கடிகாரம் ஒன்றை அதே லைனில் மாட்டணும். கரண்ட் போனால் நேரம் பின்தங்கும், அல்லது 12:00-ல் சிமிட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் கறி ஐட்டத்தைக் கொட்டிடுங்க. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்னைக்குப் போடவே வேண்டாம், முதல்நாளே அறிவிப்பு வந்துடும்.

அமெரிக்கக் குக்கர் வேண்டவே வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம்ம 230-ல் செருகினால் 250 வாட் ஹீட்டர் 900 வாட்டுக்கு மேல் இழுக்கும், முதல் நாளே கருகும். பிளக் மாற்றும் அடாப்டர் வோல்ட்டேஜை மாற்றாது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குற காசுக்கு இங்கேயே குக்கரில் கொஞ்சம் மேல் ரகம் வரும்.

பிரஷர்பாண்டி
வாங்குறதா முடிவே பண்ணிட்டீங்கன்னா, முதல் வாரம் வெறும் தண்ணியில் ஒரு டெஸ்ட் பண்ணுங்க. முக்கால்வாசி தண்ணீர், லோவில் 8 மணி நேரம், நடுவில் மூடியைத் திறக்காதீங்க. ஒரு தடவை திறந்தால் அரைமணி நேரச் சூடு போச்சு. எட்டாவது மணியில் திறந்ததும் தெர்மாமீட்டரை விடுங்க. 85-க்கும் 95-க்கும் நடுவில் இருக்கணும். 85-க்குக் கீழேன்னா கடைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. சூடான பீங்கான் பாத்திரத்தைக் குழாயடியில் நீட்டாதீங்க, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரா ஹீட்டரில் வைக்காதீங்க. இரண்டிலும் விரிசல் விடும், பாத்திரம் உடைஞ்சதுக்கு வாரண்டி பெரும்பாலும் கிடையாது. தனிப் பாத்திரம் கிடைக்குமான்னு பணம் கட்டும் முன்னாடியே கேட்டு வைங்க.