புதுப்பிப்பு: கைக்குழந்தையோடு கில்ட் வார்ஸ் 2

பெருங்குடியில் வேலை, வீட்டில் கைக்குழந்தை. இதற்கு நடுவே எந்த ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறிப் பலரோடு ஆடும் கணினி விளையாட்டு) ஒத்துவரும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கில்ட் வார்ஸ் 2 சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி.

மாதச் சந்தா இல்லை. அதைவிடப் பெரிய நிம்மதி, 2012-ல் வந்ததிலிருந்து நம்ம கதாபாத்திரம் எட்டக்கூடிய உச்ச லெவல் 80தான், அதை உயர்த்தவே இல்லை. அதனால் கொஞ்ச நாள் எட்டிப் பார்க்காவிட்டாலும் சேர்த்த கவசம், ஆயுதம் எதுவும் செல்லாக்காசாகாது. தினசரி இலக்குகள் நம்ம நேரத்துக்குக் காலை 5:30-க்குப் புதிதாகும். பால் காய்ச்சிவிட்டு, பாப்பா எழுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

ரெய்டுதான் இன்னும் அமையவில்லை. பத்துப் பேர் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தும் ஆட்டம் அது. நடுவில் நான் எழுந்து போனால் மற்ற ஒன்பது பேரின் இரவும் வீண், அது நியாயமில்லை. சனி இரவு, குழந்தை அழுதால் காத்திருக்கும் குழு சென்னையில் இருந்தால் சொல்லுங்கள்.