தேசிய அணிக்கு எத்தனை நாள் முகாம் போதும்?

முல்லைநகர் மாலைப் பயிற்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் மாலை நேரங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர்களில் நானும் ஒருவன். 2026 ஜூன் 11 அன்று உலகக் கோப்பை தொடங்கவிருப்பதால், எங்கள் தெருக்களில் பிரேசிலின் மஞ்சளும் அர்ஜென்டினாவின் வெளிர்நீலமும் இப்போதே சுவரேறத் தொடங்கிவிட்டன. அதையொட்டித் தேநீர்க் கடையில் எழுந்த ஒரு வாக்குவாதம் மூன்று நாளாகியும் தீராததால் இங்கே கேட்கிறேன்.

என் நண்பர் ஒருவர், இந்திய அணி பெரிய தொடர்களில் தோற்பதற்கு முகாம் நாள்கள் போதாமையே முழுக் காரணம் என்கிறார். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு, ஐ.எஸ்.எல். (இந்திய சூப்பர் லீக்) ஆட்டங்களை முடித்துக்கொண்டு நம் வீரர்கள் தோஹாவில் இறங்கியது டிசம்பர் 30. முதல் ஆட்டம் ஜனவரி 13. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 எனத் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினோம். பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் கூடுதல் நாள்கள் கேட்டும் கிடைக்கவில்லை. "ஆறு மாதம் ஒரே இடத்தில் வைத்துப் பழக்கியிருந்தால் கதையே வேறு" என்பது நண்பரின் முடிவு. ஆனால் இந்த உலகக் கோப்பைக்கே கிளப்கள் மே 25 முதல்தான் வீரர்களை விடுவிக்க வேண்டும் என்று ஃபிஃபா வகுத்திருக்கிறது. தொடக்க ஆட்டத்துக்கு முன்னால் இரண்டரை வாரம் மட்டுமே கிடைக்கும் அந்த அணிகளெல்லாம் தயாராகாமலா வருகின்றன என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

எனக்குச் சொந்தமாகவும் ஒரு காரணம் உண்டு. நான்கு வாரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வருகிறது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் பயிற்சி மட்டும் கொடுக்குமாறு சில பெற்றோர்கள் கேட்கிறார்கள். ஆட்டத்தில் அடிபட்டுவிடுமோ என்பது அவர்களுடைய அச்சம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் பழைய ஸ்டாப்பர்

தம்பி, உங்கள் நண்பர் கேட்கும் நீண்ட முகாமை இந்திய அணி ஏற்கெனவே ஒரு முறை நடத்திப் பார்த்திருக்கிறது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு 2011இல் கிடைத்தபோது, பயிற்சியாளர் பாப் ஹௌட்டன் முக்கிய வீரர்களை அன்றைய முதன்மை லீக்கான ஐ-லீக்கின் கிளப்களிடமிருந்து விலக்கி, மாதக்கணக்கில் தன்னுடனேயே வைத்துக்கொண்டார். போர்ச்சுகலிலும் துபாயிலும் முகாம்கள் நடந்தன. பிறகு தோஹாவில் ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென் கொரியாவிடம் 1-4. வாங்கிய கோல் 13, அடித்தவை 3. கொரியாவுக்கு எதிராகக் கோல்காப்பாளர் சுப்ரதா பால் அன்று தடுத்தவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் இல்லையென்றால் அந்த 13 எங்கே போய் நின்றிருக்கும் என்று.

2019 ஆசியக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனுக்கு அப்படிப்பட்ட நீண்ட முகாம் கிடைக்கவில்லை. வீரர்கள் லீக் ஆட்டங்களிலிருந்தே வந்தார்கள். ஆனால் தொடருக்கு முந்தைய மூன்று மாதங்களில் அவர் தேர்ந்தெடுத்த எதிரிகளைக் கவனியுங்கள். 2018 அக்டோபரில் சீனாவுக்கே போய் 0-0, நவம்பரில் ஜோர்டானிடம் அம்மானில் 1-2, டிசம்பர் 27 அன்று ஓமானுடன் அபுதாபியில் 0-0. ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை என்று அப்போது எல்லோரும் குறைபட்டுக்கொண்டோம், நானும்தான். ஜனவரி 6 அன்று அதே அணி தாய்லாந்தை 4-1 என்று வென்றது. சுனில் சேத்ரி இரண்டு கோல். மற்ற இரண்டையும் அடித்த அனிருத் தாப்பாவும் ஜெஜேயும் அன்றைக்கு நம் சென்னையின் எஃப்.சி. வீரர்கள் என்பதால் அந்த இரவு எனக்கு மறக்கவில்லை. பஹ்ரைனுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், 90 நிமிடம் கடந்த பிறகு கொடுத்த ஒரு பெனால்டியால்தான் அடுத்த சுற்று நழுவியது.

தன்னைவிட வலுவான அணியோடு மோதி, கோல் வாங்காமல் 90 நிமிடம் நிற்கும் பழக்கத்தை முகாமில் கற்றுக்கொடுக்க முடியாது. நான் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக, ஆடியவன் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்தில் அலுவலக அணிகளோடு ஆடிய காலத்தில், வெறும் பயிற்சியாகவே இரண்டு வாரம் கழித்துவிட்டு ஆட்டத்துக்கு வந்தால், முதல் பத்து நிமிடத்தில் எதிரணி ஃபார்வர்ட் எப்போது திரும்புவான் என்பதே பிடிபடாது. கால் தயாராக இருக்கும். கண் பின்தங்கி நிற்கும்.

தண்டையார்பேட்டை கணக்கன்

பெரியவர் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன். 2011 அணி வெறும் பயிற்சியிலேயே காலம் கழித்ததாக அவருடைய பதிலைப் படிப்பவர்களுக்குத் தோன்றக்கூடும். உண்மையில் 2010இன் பிற்பாதியில் அந்த அணி பல நட்புறவு ஆட்டங்களில் ஆடியது. வியட்நாமை 3-1 என்று வென்றது. நவம்பரில் குவைத்திடம் 1-9 என்று தோற்றது. அடுத்த சில நாள்களில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-5. ஆகவே வலுவான அணிகளோடு மோதினால் போதும் என்பதும் முழு விடையாகாது. அந்த வீரர்கள் இழந்தது வாரந்தோறும் புள்ளிகளுக்காக ஆடும் கிளப் ஆட்டங்களை. நட்புறவு ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வாரம் எதுவும் மாறிவிடாது. லீக்கில் தோற்றால் அணியில் உங்கள் இடமே போய்விடும்.

இதே பாதையில் போன இன்னொரு அணி, 2022 உலகக் கோப்பையை நடத்திய கத்தார். தன் வீரர்களை உள்ளூர் லீக்கிலிருந்து விலக்கி மாதக்கணக்கில் ஐரோப்பாவில் முகாமிட வைத்தது. ஆசியாவின் நடப்பு வாகையராக இருந்தும் ஈக்வடாரிடம் 0-2, செனகலிடம் 1-3, நெதர்லாந்திடம் 0-2. தொடரை நடத்தும் நாடு தொடக்க ஆட்டத்திலேயே தோற்றது உலகக் கோப்பை வரலாற்றில் அதுவே முதல் முறை. அதே தொடரில் மொராக்கோவின் பயிற்சியாளர் வாலித் ரெக்ராகி பொறுப்பேற்றது ஆகஸ்ட் 31 அன்று. தொடக்கத்துக்கு முன்னால் அவருக்குக் கிடைத்தவை சிலி, பராகுவே, ஜார்ஜியா ஆகிய மூன்று அணிகளுடனான ஆட்டங்கள் மட்டுமே. அந்த அணி அரையிறுதி வரை போனது. அவருடைய வீரர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய லீக்குகளில் வாரந்தோறும் ஆடிக்கொண்டிருந்தவர்கள்; அவர்களை உருவாக்க வேண்டியிருக்கவில்லை, கோத்தால் போதுமானதாக இருந்தது.

நீண்ட முகாம் பலித்த கதையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2001 ஜனவரியில் பொறுப்பேற்ற நெதர்லாந்துப் பயிற்சியாளர் ஹிடிங்கிடம் தென் கொரியா தன் வீரர்களை வேறு எந்த நாடும் தராத அளவுக்கு நீண்ட காலம் ஒப்படைத்தது. முதல் ஆண்டில் பிரான்ஸிடம் 0-5, செக் குடியரசிடம் 0-5. ஊரே ஏளனம் செய்தும் எதிரிகளின் தரத்தை அவர் இறக்கவில்லை. 2002 மே மாதத்தில் ஸ்காட்லாந்தை 4-1 என்று வென்று, இங்கிலாந்துடன் 1-1 என்று சமன் செய்து, பிரான்ஸிடம் 2-3 வரை வந்துதான் தோற்றார்கள். பிறகு அந்த ஆண்டு உலகக் கோப்பையில் அரையிறுதி. அங்கே 17 மாதம் பொறுமையாக நடந்த வேலையை நம்மிடம் ஆறு மாதத்தில் எதிர்பார்க்கிறோம்.

நம்முடைய அண்மைக் காலத்துக்கு வருவோம். 2025-26 பருவத்தின் ஐ.எஸ்.எல். வழக்கம்போல் செப்டம்பரில் தொடங்காமல், வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. லீக் நடக்காத அந்த இடைவெளியில், 2025 அக்டோபரில், சிங்கப்பூருடன் அங்கே 1-1 என்று முடித்து, கோவாவில் சாங்டே முதலில் கோல் அடித்தும் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தோம். வாரந்தோறும் லீக் ஆட்டம் ஆடாத வீரர்களோடு களமிறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வீரர்களைப் பிடித்துவைக்க ஒரு லீக்கே நடக்கவில்லை. அதுதான் கேடாகவும் அமைந்தது.

கொடுங்கையூர் இயன்முறை

நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவள். ஆட்ட வரலாற்றை மேலே இருவரும் சொல்லிவிட்டதால் உடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முகாமில் செய்யக்கூடியவை சில உண்டு. வெப்பத்துக்கு உடல் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள்கள் பிடிக்கும். நேர மண்டலம் மாறினால், தூக்கம் சீராக மண்டலத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வைக்கலாம். வட அமெரிக்காவுக்குப் போகும் ஆசிய அணிகளுக்கு இதுவே பெரிய வேலை. போதாக்குறைக்கு, தொடக்க ஆட்டம் நடக்கும் மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றுக்கான அமைப்புகளையும் இரண்டு வாரத்தில் பழக்கிவிடலாம். ஆனால் ஓட்டத் தாங்குதிறனை அடிப்படையிலிருந்து கட்டுவதற்குப் பல வாரங்கள் தேவை, அதை முகாமுக்கு முன்பே வீரன் சேர்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வந்த இடத்தில் அவசரமாகச் சேர்க்க முயன்றால் பின்தொடைத் தசைதான் முதலில் கிழியும். பயிற்சியின் சுமையைத் திடீரென்று இரட்டிப்பாக்குவது, ஆட்டத்தில் வாங்கும் உதையைவிட அதிகமான வீரர்களை வெளியே உட்காரவைக்கிறது. கடைசி வாரத்தில் பயிற்சியின் நேரத்தைக் குறைப்பார்கள், வேகத்தைக் குறைக்க மாட்டார்கள்.

முல்லை நகர் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது, அவர்கள் சொல்லும் தீர்வுதான் தவறு. பதினான்கு, பதினைந்து வயதில் எலும்பு வேகமாக வளரும். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, எலும்பு மேட்டில் வலிக்கிறது என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் ஒரே நாளில் இரண்டு வேளை ஓடவைக்கப்பட்டவர்கள். வாரம் ஒரு ஆட்டம் அந்த முழங்காலுக்குப் பெரிய சுமையல்ல. கத்திரி வெயிலில் இரண்டு வேளைப் பயிற்சி என்பது, முழங்காலை விடுங்கள், வெப்பத் தளர்ச்சிக்கே வழி. மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு வேளை, ஒன்றே கால் மணி நேரம், இடையில் இரண்டு முறை தண்ணீர். இதைத் தாண்டாதீர்கள்.

பெரம்பூர் பழைய ஸ்டாப்பர்

கணக்கர் திருத்தியது சரி. குவைத் ஆட்டத்தை நான் மறந்துவிட்டேன் என்பதைவிட, மறக்க விரும்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை ஓட்டம் பற்றி அம்மா சொன்னதற்கும் நான் எதிர்ப்பேச்சு பேச மாட்டேன், எங்கள் காலத்தில் ஓடியவர்களின் முழங்கால்களை இப்போது ஏணிப்படியில் பார்க்கிறேன்.

முல்லைநகர் மாலைப் பயிற்சி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. 2011 விவரத்தை நண்பரிடம் படித்துக் காட்டினேன். "அது வேறு காலம்" என்றார், பிறகு சிங்கப்பூர் ஆட்டத்தைச் சொன்னதும் அமைதியாகத் தேநீரை முடித்தார். ஒப்புக்கொண்டாரா என்று கேட்கவில்லை.

காலைப் பயிற்சி வேண்டாம் என்று பெற்றோர்களிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு ஆட்டங்கள் தொடரும். அவற்றில் இரண்டை, எங்களைவிட இரண்டு வயது மூத்த பிள்ளைகள் ஆடும் புளியந்தோப்பு அணி ஒன்றோடு வைத்துக்கொள்ளப் பேசியிருக்கிறேன். முதல் ஆட்டத்தில் ஐந்து, ஆறு வாங்குவோம் என்று நினைக்கிறேன். பெரியவருக்கு நேரமிருந்தால் வந்து எங்கள் ஸ்டாப்பர் பையனை ஒரு முறை பார்க்க வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், ஆளை விட்டுவிடுகிறான்.