புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கான மின்தடங்கள்: செலவை யார் ஏற்பது?

கேள்வி

காற்று நன்றாக வீசும் பகுதிகளும் வெயில் தவறாத நிலங்களும் பெரும்பாலும் நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வெகுதொலைவில் இருக்கின்றன. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தைக் கொண்டுவரப் புதிய உயரழுத்த மின்தடங்களும் துணைமின்நிலையங்களும் வேண்டும். 2040-க்குள் உலகம் முழுவதும் 8 கோடி கிலோமீட்டர் மின்தடங்களைப் புதிதாக அமைக்கவோ புதுப்பிக்கவோ வேண்டியிருக்கும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2023-இல் கணக்கிட்டது.

இந்தச் செலவை மின்சாரம் விற்று வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் ஏற்க வேண்டுமா, எல்லா நுகர்வோரின் கட்டணத்திலும் பரப்ப வேண்டுமா, அல்லது அரசு வரிப்பணத்திலிருந்து தர வேண்டுமா? யாருக்காகத் தடம் போடப்படுகிறதோ அவரே செலவையும் ஏற்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இத்துறையைப் படித்தவர்கள் பலர் அதை ஏற்பதில்லை. காரணத்தை விளக்க முடியுமா?

மறுமொழி 1

யாருக்காக என்ற கேள்விக்கு மின்தொடரமைப்பில் எளிதான விடை இல்லை என்பதே முதல் காரணம். மின்சாரம் ஒப்பந்தத்தில் எழுதிய வழியில் பாய்வதில்லை. கிடைக்கும் வழிகள் அனைத்திலும் பிரிந்து, எதிர்ப்பு குறைந்த வழியில் கூடுதலாகப் பாய்கிறது. ஒரு காற்றாலைப் பூங்காவுக்காகப் போட்ட தடம், அடுத்த ஆண்டே வேறொரு தடத்தின் நெரிசலைக் குறைத்து, அந்தப் பூங்காவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஊர்களின் மின்விநியோகத்தை உறுதிப்படுத்தக்கூடும். இப்படி 40 ஆண்டுகளுக்கு மேல் பயன்தரும் சொத்தின் முழுச் செலவையும் முதலில் வந்து இணைந்தவர் தலையில் வைப்பது நியாயமாகாது.

இரண்டாவது காரணத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். சூரிய மின்பூங்காவை ஓரிரு ஆண்டுகளில் அமைத்துவிடலாம். நிலம், அனுமதி, வழக்கு எல்லாவற்றையும் கடந்து ஒரு நீண்ட மின்தடம் வந்துசேரப் பத்து ஆண்டுகள்கூட ஆகின்றன. தடம் இல்லாத இடத்தில் பூங்காவுக்கு வங்கி கடன் தராது; பூங்கா இல்லாத இடத்துக்குத் தடம் போட ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தராது. எனவே, பயன்படுத்துவோர் வந்துசேரும் வரையிலான இடைக்காலத்தில் இடரை யார் சுமப்பது என்பதுதான் இங்கே உண்மையான வழக்கு. கடைசியில் செலவு எப்படியும் நுகர்வோரின் கட்டணத்துக்கோ வரிக்கோதான் வந்துசேர்கிறது, ஏனென்றால் உற்பத்தியாளர் கட்டும் தொகையும் அவர் கேட்கும் மின்விலையில் ஏறிவிடும்.

டெக்சாஸ் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது. 2005-இல் இயற்றிய சட்டத்தின்படி, காற்றுவளம் மிக்க ஐந்து மண்டலங்களை அங்குள்ள ஆணையம் 2008-இல் அறிவித்தது. காற்றாலைகள் வருவதற்கு முன்பே தடங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. சுமார் 5,800 கிலோமீட்டர் நீளமும் ஏறத்தாழ 18,500 மெகாவாட் காற்றாலை மின்சாரத்தைத் தாங்கும் திறனும் கொண்ட அந்த வலைப்பின்னலின் செலவு, அந்த மின்தொகுப்பின் எல்லா நுகர்வோர் மீதும் பரப்பப்பட்டது. கலிபோர்னியா 2007-இல் ஒப்புதல் பெற்ற முறையோ, உற்பத்தியாளரே கட்டுவது, எல்லோர் மீதும் பரப்புவது ஆகிய இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: தொடக்கத்தில் நுகர்வோர் சுமப்பார்கள், பின்னர் ஒவ்வோர் உற்பத்தியாளரும் இணையும்போது தன் பங்கைச் செலுத்துவார்.

மறுமொழி 2

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் எல்லோர் மீதும் பரப்புவதில் ஒரு கேடு உண்டு, அதை லேசாக விட்டுவிடக் கூடாது. தடத்தின் விலை உற்பத்தியாளரைச் சேரவே இல்லையென்றால், 50 கிலோமீட்டர் தொலைவில் சற்றுக் குறைந்த காற்று கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு, 500 கிலோமீட்டர் தொலைவில் சற்றுக் கூடுதலான காற்று வீசும் இடத்தையே அவர் தேர்ந்தெடுப்பார். அவருக்குக் கிடைக்கும் சிறு ஆதாயத்துக்காகப் பிறர் பெருந்தொகை கட்ட நேரிடும். இதனால்தான் பிரிட்டனில் உற்பத்தியாளர்களும் இடத்துக்கேற்ற கட்டணம் செலுத்துகிறார்கள்; வடக்கு ஸ்காட்லாந்தில் அது மிக அதிகம், நுகர்வு மிகுந்த தெற்கில் குறைவு. நல்ல காற்று வடக்கில்தான் இருக்கிறது என்பதால் அங்கும் இதைப் பற்றிய சச்சரவு ஓயவில்லை.

இந்தியா மறுமுனையிலிருந்து தொடங்கியது. 2025 ஜூன் 30-க்குள் இயங்கத் தொடங்கிய சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு மாநிலங்களுக்கிடையேயான மின்தொடரமைப்புக் கட்டணம் முற்றிலும் தள்ளுபடி செய்யப்பட்டது; அதற்குப் பின் வருபவற்றுக்கு ஆண்டுக்கு 25 விழுக்காடாகக் கட்டணம் ஏறுகிறது. துறை வளரும் வரை சலுகை தந்து, காலை ஊன்றிய பின் படிப்படியாக விலக்கிக்கொள்ளும் இந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது.

மறுமொழி 3

எல்லா நுகர்வோரும் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், ஆனால் அவர்களுக்குள் யார் என்பதே எனக்கு முக்கியம். ஜெர்மனியில் காற்றாலைகள் மிகுந்த வடக்கு, கிழக்குப் பகுதிகளின் குடும்பங்கள், நாடு முழுமைக்கும் மின்சாரம் தந்துகொண்டே நெடுங்காலம் கூடுதலான மின்தொகுப்புக் கட்டணத்தையும் சுமந்தார்கள். அத்தகைய விநியோகப் பகுதிகளின் கூடுதல் செலவை 2025 ஜனவரி முதல் நாடு முழுவதும் பகிரத் தொடங்கியிருக்கிறார்கள். யூனிட் கணக்கில் வசூலிக்கும் இடங்களில் இன்னொரு கோணலும் உண்டு: கூரைமேல் சூரியத் தகடு வைக்க வசதி உள்ளவர் மின்தொகுப்பிலிருந்து குறைவாக வாங்கிக் கட்டணத்திலிருந்து விலகிக்கொள்ள, வாடகை வீட்டில் இருப்பவரின் பங்கு கூடுகிறது. வருமானத்துக்கேற்ப வசூலாகும் வரியிலிருந்து ஒரு பகுதியாவது வர வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி கேட்டவர்

விளக்கங்களுக்கு நன்றி. இடர் என்ற சொல்லை நான் இதுவரை இந்தக் கேள்வியோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை. இன்னும் ஒன்று: மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு போனால் அந்தக் கூடுதல் தொகை யாருடையது?

மறுமொழி 1

டெக்சாஸில் அதுவே நடந்தது. சுமார் 490 கோடி டாலர் என்று மதிப்பிட்ட பணி ஏறத்தாழ 700 கோடி டாலரில் முடிந்தது. கூடுதல் தொகையும் நுகர்வோரிடமே போனது. தடம் அமைக்கும் நிறுவனத்துக்கு அதன் முதலீட்டின் மேல் உறுதியான ஆதாயம் தரும் ஒழுங்குமுறையில், செலவைக் குறைப்பதற்கு அதற்கு வலுவான தூண்டுதல் இருப்பதில்லை. பிரேசில் 1999 முதல் தடங்களை ஏலம் விடுகிறது: ஆண்டுதோறும் மிகக் குறைந்த வருவாய் போதும் என்று சொல்பவருக்கு 30 ஆண்டு உரிமம் கிடைக்கும். இம்முறையில் கட்டுமானச் செலவு கூடினால் அதன் பெரும்பகுதி ஏலம் எடுத்தவரையே சேரும். ஆனால் இங்கும் ஒரு எச்சரிக்கை தேவை: அளவுக்கு மீறிக் குறைத்துக் கேட்டு வென்றவர் பணியைப் பாதியில் நிறுத்தினால், தடத்துக்காகக் காத்திருக்கும் காற்றாலைகள் மின்சாரத்தை அனுப்ப வழியின்றி நிற்கும். ஆகவே ஏலத்தில் நுழைபவரிடம் போதிய பிணைத்தொகை வாங்குவதை எந்த ஆணையமும் தளர்த்தக் கூடாது.