சிறிய நகைக்கடைக்கு வாரந்தோறும் செய்யத்தக்க வேலைகள் எவை?

கேள்வி: குடியாத்தம் நகைக்கடைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் என் தகப்பனார் தொடங்கிய நகைக்கடையை இப்போது நானும் என் மனைவியும் நடத்தி வருகிறோம். விற்பனைக்கு இரண்டு பேர், பழுது பார்க்க ஒரு பத்தர், இவ்வளவுதான் கடையின் ஆள்பலம். கைத்தறி லுங்கி நெய்பவர்கள், பீடி சுற்றும் பெண்கள், சுற்றுக் கிராமங்களின் விவசாயக் குடும்பங்கள், ராணுவத்திலிருந்து விடுப்பில் வருபவர்கள் ஆகியோரே எங்கள் வாடிக்கையாளர்கள்.

2024 ஜனவரியில் 50 ஆயிரத்தைத் தொடாமல் இருந்த பவுன் விலை 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மூன்று பவுனில் ஆரம் கேட்டு வந்தவர்கள் ஒன்றரைப் பவுனில் கேட்கிறார்கள். புதுத் தோடு வாங்க நினைத்தவர்கள் பழையதற்கே மெருகு போட்டுத் தரச் சொல்கிறார்கள். கல்யாண நகை என்றால் குடும்பத்தோடு பேருந்து ஏறி, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் வேலூர்க் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கடைகளைப் போல நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்க என்னால் இயலாது.

வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு விடாமல் செய்யக்கூடிய வேலைகள், விற்பனையைப் பெருக்குவதற்கும் கடையை ஒழுங்காக நடத்துவதற்கும், எவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். வாடிக்கையாளர்கள் மாதத் தவணையாகப் பணம் கட்டி, முடிவில் நகையாக வாங்கிக்கொள்ளும் மாதச் சீட்டு தொடங்கலாமா என்ற யோசனையும் இருக்கிறது.

பதில் 1: வேலூர் லாங்கு பஜார் கடைக்காரர்

ஐயா, விற்பனையைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் இருப்பைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இந்த விலையேற்றக் காலத்தில் சிறிய கடைகள் நலிவது விற்பனை குறைவதால் மட்டும் அன்று, இருப்பு கரைவது கண்ணுக்குத் தெரியாததாலும்தான்.

வாரம் ஒரு முறை கணக்கைக் கிராமில் பாருங்கள். கிராம் 7,000 ரூபாயாக இருந்தபோது வாங்கி வைத்த 8 கிராம் செயினை, கிராம் 11,000 ஆனபோது விற்றால், செய்கூலி சேதாரத்தைச் சேர்க்காமலே 32,000 ரூபாய் லாபம் என்று ஏடு காட்டும். அந்த லாபத்தை எடுத்துக் கடைக்குக் கண்ணாடி மாற்றினாலோ வீட்டுச் செலவு செய்தாலோ கையில் மிஞ்சுவது 56,000 ரூபாய். அதற்கு அந்த 11,000 ரூபாய் விலையில் 5 கிராமுக்குச் சற்றே கூடுதலான தங்கம்தான் வரும். ஏட்டில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும், தட்டில் நகை குறைந்துகொண்டே போகும். ஆகவே வாரத்தில் விற்ற எடை எவ்வளவு, திரும்ப வாங்கிச் சேர்த்த எடை எவ்வளவு, பழைய நகையாக வந்தது சுத்தத் தங்கத்தில் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி, விற்ற எடையைக் கூடுமானவரை அன்றன்றே வாங்கி நிரப்பிவிட வேண்டும். உங்கள் உண்மையான வருமானம் செய்கூலியிலும் சேதாரத்திலும் இருப்பதுதான். குடும்பச் செலவு அதற்குள் அடங்க வேண்டும்.

தட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பதற்குச் செவ்வாய்க்கிழமை ராகு காலம், அதாவது மாலை 3 முதல் 4.30 மணி வரை, மிகவும் ஏற்றது. அந்த வேளையில் நகை வாங்க வருபவர் அரிது. ஒவ்வொரு தட்டாக எடுத்து, டேக்கில் உள்ள எடையையும் நகையில் பொறித்த, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லாததால், மூக்குத்திகளிலும் சிறு தோடுகளிலும் பெரும்பாலும் அந்த எண் இராது. கணக்கில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். அவற்றைப் பெட்டி வாரியாக எண்ணிக்கையும் மொத்த எடையும் போட்டுத் தனி நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணும்போதே எந்த நகை எந்த மாதம் வந்தது என்பதையும் பாருங்கள். ஓர் ஆண்டைக் கடந்தும் அதே இடத்தில் இருக்கும் நகையை முதலில் வேறு தட்டுக்கு மாற்றுங்கள். சில வாரங்களில் போகவில்லையென்றால் சேதாரத்தைக் குறைத்துச் சொல்லுங்கள். அதற்கும் போகாவிட்டால் உருக்கிவிடுங்கள். உருக்கினால் செய்கூலி நட்டம், ஹால்மார்க் கட்டணம் நட்டம் என்று மனம் சங்கடப்படும். ஆனால் யாரும் வாங்காத மாதிரியில் முடங்கிக் கிடக்கும் ஒரு பவுனை, இப்போது எல்லாரும் கேட்கும் எடை குறைந்த மாதிரிகளில் இரண்டு மூன்றாகச் செய்து வைத்தால் அந்தத் தங்கம் ஆண்டுக்குப் பலமுறை கைமாறும்.

கடையின் பாதுகாப்பையும் அந்த வாரச் சோதனையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்தில் பெரிய கடை ஒன்றின் பின்சுவரைத் துளைத்து ஏறத்தாழ 15 கிலோ தங்கத்தைத் திருடியதும், அது ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைக்கப்பட்டிருந்து மீட்கப்பட்டதும் நம் வட்டாரம் முழுவதும் அறிந்த செய்தி. நாம் எல்லாரும் முன்கதவுக்குத்தான் பூட்டுப் போடுகிறோம். பின்சுவர் யாருடைய இடத்தை ஒட்டி இருக்கிறது, கேமராவில் உண்மையில் பதிவாகிறதா என்று வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் சிகிச்சைச் செலவுக்காகக் கையில் கழுத்தில் உள்ளதை விற்க நம் கடைகளுக்கு வருவதுண்டு. மொழி தெரியாதவரிடம் டச், அதாவது தங்கத்தின் தூய்மை, குறைவு என்று சொல்லி ஒரு சதவீதம் கூடக் குறைக்கக் கூடாது. அவர்கள் கண் முன்னே எடை போட்டு, தூய்மையைச் சோதிக்கும் காரட் மீட்டர் காட்டும் அளவை அவர்களே படிக்கும்படி திருப்பி வைத்து, அடையாள அட்டை நகல் வாங்கிக்கொண்டு, வங்கி வழியாகப் பணம் அனுப்புங்கள். உள்ளூர் மக்களிடமும் இதே வழக்கத்தைக் கடைப்பிடித்தால், பழைய நகையை மாற்ற வருபவர்கள் உங்களையே தேடி வருவார்கள். விலை இவ்வளவு ஏறியிருக்கும்போது, பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குபவர்கள்தான் சிறிய கடைக்கு நிலையான வாடிக்கையாளர்கள்.

பதில் 2: ஆரணி, கடையில் கணவருடன் அமர்பவர்

அண்ணா, விளம்பரத்தைப் பற்றி என் அனுபவத்தை எழுதுகிறேன். பெரிய கடைகளுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. எந்த வீட்டில் எப்போது காது குத்து, எந்தப் பெண்ணுக்கு எந்த முகூர்த்தம், யாருடைய வளையல் அளவு 2.4, யாருடையது 2.6 என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் அது உங்கள் தகப்பனாரின் நினைவிலேயே இருந்தால் அவரோடு போய்விடும். ஆகையால் முதல் வேலையாக ஒரு நோட்டுப் போடுங்கள். பில் போடும் ஒவ்வொருவரிடமும் ஊர், கல்யாண நாள், பிள்ளைகளின் வயது, வளையல் மற்றும் மோதிர அளவு, மூக்குத்தி வலமா இடமா என்பது வரை அவர்கள் மனமுவந்து சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வாரம் ஒரு நாள், அந்த நோட்டைப் பார்த்து ஒரு சிலருக்கு மட்டும் உங்கள் மனைவி தொலைபேசியில் பேசட்டும். பேச்சில் விற்பனை வேண்டாம். “உங்கள் ஜிமிக்கியின் திருகாணி தேய்ந்திருக்கும், இந்தப் பக்கம் வரும்போது கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறோம்” என்றால் போதும். அப்படி வருபவரின் நகையைப் பத்தர் அவர் எதிரிலேயே கையில் வாங்கி, கல் ஆடுகிறதா, கொக்கி தேய்ந்திருக்கிறதா, பற்றவைத்த இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்து, பூந்திக்கொட்டை நீரில் கழுவி, துடைத்துக் கொடுப்பதை நான் கவனித்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் கூட வந்திருக்கும் மகளின் கண் தோடுத் தட்டின் மேல் போகும். அன்றைக்கே வாங்காவிட்டாலும், அடுத்த முகூர்த்தத்துக்கு அவர்கள் முதலில் விசாரிப்பது நம்மிடம்தான். பழுது பார்ப்பதை மரியாதைக் குறைவாக நினைத்து ஒதுக்கும் கடைகள், தம்மிடம் தானாக வரும் கூட்டத்தைத் தாமே திருப்பி அனுப்புகின்றன என்பது என் உறுதியான கருத்து.

வாட்ஸ்அப்பில் தினமும் படங்களை அள்ளிக் கொட்டினால் நம் எண்ணை மௌனமாக்கிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு நகை போதும். காலை வெளிச்சத்தில் வாசலருகே, உங்கள் மனைவியின் கையிலோ காதிலோ அணிந்து எடுத்த படமாக இருக்கட்டும். சிவப்பு வெல்வெட்டில் வைத்து எடுத்தால் தங்கம் செம்பு போலத் தெரிகிறது. படத்துக்குக் கீழே எடையையும் சேதாரத்தையும் எழுதிவிடுங்கள். எழுதத் தயங்குவீர்கள், ஆனால் கடைக்கு வந்து கேட்கக் கூச்சப்படும் பெண்களுக்கு அந்த இரண்டு எண்களும் பெரிய துணை. மணப்பெண்ணின் நகைப் படத்தை ஊர்ப் பெயரோடு எந்தக் காரணம் கொண்டும் வெளியிட வேண்டாம். அந்த வீட்டில் எவ்வளவு நகை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வதாகிவிடும்.

எந்த வாரம் எதைக் காட்டுவது என்பதைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். வைகாசி முதல் நாள் உங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வெளியூரில் இருக்கும் சொந்தங்களெல்லாம் வீட்டுக்கு வரும் நேரம். அதற்கு முன்பே நகைகளுக்கு மெருகு போடும் வேலையை அறிவித்துவிடுங்கள். ஆடியில் கல்யாணம் இல்லையென்று கடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக்குப் புதுப் பெண்களுக்குத் தாலி பிரித்துக் கோர்ப்பார்கள். குண்டும் காசும் எடை எடையாகத் தயாராக இருக்கட்டும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் காவடி எடுப்பவர்கள் வெள்ளி வேலும் கண்மலரும் கேட்டு வருவார்கள். தாலி விஷயத்தில் மட்டும் ஒரு சொல்: ஒவ்வொரு வகுப்பாருக்கும் பொட்டின் வடிவம் வேறு. அந்தந்த வீட்டு மாதிரியை வரைந்து பத்திரமாக வைத்திருக்கும் கடையை விட்டு மக்கள் எளிதில் போவதில்லை.

பதில் 3: ஆம்பூர்

மேலே சொன்னவற்றோடு ரமலானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டு உங்களுக்குப் பக்கம்தான். கருகமணியில் எடை குறைந்த மாதிரிகளையும் பிள்ளைகளுக்கான சிறு தோடுகளையும் நோன்பு தொடங்குமுன்பே வரவழைத்து, அந்த மாதம் முழுவதும் இரவுத் தொழுகைக்குப் பிறகும் சற்று நேரம் கடையைத் திறந்து வையுங்கள். பெண்கள் கடைத்தெருவுக்கு வருவதே அப்போதுதான்.

பதில் 4: ராணிப்பேட்டை, கணக்கு எழுதுபவர்

சீட்டு பற்றி மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலான கடைகள் 11 மாதத் தவணையோடு நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. கம்பெனியாகப் பதிவான நிறுவனங்கள் பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது விதி. உங்களுடையது நிறுவனமாக இல்லாவிட்டாலும், பணத்தை வட்டி சேர்த்துத் திருப்பித் தருகிறேன் என்ற வாக்குறுதி எந்த வடிவிலும் இருக்கக் கூடாது. அப்படி வாக்களித்தால் 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். நகையாக மட்டுமே தருவோம் என்று அட்டையில் தெளிவாக அச்சிட்டு, தணிக்கையாளரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து விலையில் இருக்கிறது. தவணை கட்டும் நாளின் விலைக்குக் கிராமாக வரவு வைத்தால், 5,000 ரூபாய்க்குக் கிராம் 7,000 விலையில் 0.714 கிராம் கணக்கில் ஏறும். கிராம் 11,000 ஆகும்போது அதைக் கொடுக்க உங்களுக்கு 7,857 ரூபாய் ஆகும். தவணைப் பணம் வந்த அன்றே தங்கமாக வாங்கி வைக்காத கடைக்கு இது தாங்காது. வாங்கிவைக்கும் கட்டுப்பாடு உங்களுக்கு வரும்வரை சீட்டு வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

பழைய நகைக்கு ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். விற்பனையில் 2 லட்சம் ரூபாயையோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வருகிற செவ்வாய்க்கிழமையே தட்டுகளை எண்ணத் தொடங்குகிறோம். நோட்டை என் மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். சீட்டை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். ஒரே ஓர் ஐயம். சேதாரத்தை வெளிப்படையாக எழுதினால், ‘சேதாரமே இல்லை’ என்று விளம்பரம் செய்யும் கடையோடு ஒப்பிட்டு என்னுடையதை அதிகம் என்று சொல்லமாட்டார்களா?

பதில்: வேலூர் லாங்கு பஜார் கடைக்காரர்

சொல்வார்கள் ஐயா. அப்படிச் சொல்பவரிடம் வாதாட வேண்டாம். அங்கே கொடுத்த எஸ்டிமேட் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சேதாரம் இல்லை என்ற சலுகை எந்தெந்த நகைகளுக்கு என்பதை முதலில் பாருங்கள். பல இடங்களில் குறிப்பிட்ட சில மாதிரிகளுக்குத்தான் அது பொருந்தும். அடுத்து, கல் வைத்த நகையில் கல் எடையைக் கழித்த நிகர எடைக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 16 கிராம் ஆரத்தில் 1.2 கிராம் கல் இருந்து, அதற்கும் கிராம் 11,000 ரூபாய் தங்க விலையே போட்டால் 13,200 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. கல்லுக்குத் தனி விலையும் சேர்த்திருந்தால் இன்னும் கூடும். ஹால்மார்க் நகையின் பில்லில் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே விலை நாளுக்கு, வரி உட்படக் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை நிகர எடையால் வகுத்து, கிராமுக்கு எவ்வளவு என்று அவர் கையிலேயே கால்குலேட்டரைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் தொகை அதிகமாக வந்தால் குறைக்க முடிந்ததைக் குறையுங்கள். முடியாவிட்டால், அந்த நகைக்கு வேலூர்க் கடையே நல்லது என்று சொல்லி அனுப்புங்கள். பில்லில் அச்சிட்ட ஹால்மார்க் எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கவும் அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.