புதுப்பிப்பு: மில்லில் அரைத்த சாம்பார் பொடி கட்டி தட்டியது ஏன்?

வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. மில்லில் அரைத்த பொடி பத்தே நாளில் கட்டி தட்டுகிறதே என்று கேட்டிருந்தேன். சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள் என்றவர் சொன்னதுதான் சரி. மெஷினிலிருந்து விழும் பொடி அவ்வளவு சூடு. உடனே மூடினால் மூடியின் அடியில் முத்து முத்தாக வேர்க்கிறது, அந்த ஈரம்தான் பொடியில் இறங்குகிறது.

இந்த முறை 1 கிலோ மல்லி, அரை கிலோ மிளகாய், 50 கிராம் விரலி மஞ்சள். மிளகாய் நொறுங்கும்வரை இரண்டு நாள் வெயில். அரைத்ததும் தாளில் பரப்பி, முழுக்க ஆறியபின் சலித்து அடைத்தேன். ஒரு மாதமாகியும் உதிரியாகவே இருக்கிறது.

எதிர்பாராதது மஞ்சள்: முழுசாகப் போட்டால் குறுணை நிற்கிறது, உரலில் தட்டிப் போடுங்கள். மெஷினில் நமக்கு முன்னால் அரிசி ஓடியிருந்தால் அந்த மாவும் கலந்துவரும். அதனால் வரிசையில் மிளகாய் அரைப்பவருக்கு அடுத்து நில்லுங்கள்.